தலையாட்ட வந்த இணை இயக்குநர்

தலைநகரத்தில் ஒரு மகளிர் உரிமை அலுவலகம். அதில் அதிகாரிகள் பதினோரு பேரும் ஆண்கள். பெண் என்று சொல்ல, கூட்டிப் பெருக்கும் வேம்பு ஒருத்திதான்.

முடிவெடுக்கும் இடத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று பார்க்க ஐ.நா. சபையிலிருந்து ஓர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. இயக்குநர் பரமானந்தத்துக்கு வேர்த்துக் கொட்டியது. வேம்புவுக்குப் புதுச்சேலை வாங்கிக் கொடுத்து, 'இணை இயக்குநர்' என்று பலகை வைத்த மேசையில் உட்கார வைத்தார்.

"என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டு. காரியம் கெட்டா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க ஐயா."

வந்த அம்மா மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்: "கடைசியாக நீங்கள் எடுத்த முடிவு என்ன?"

தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வி. வேம்பு இயக்குநரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலையிலதாங்க எடுத்தேன். இங்க பொம்பளைங்க கக்கூஸை ஒன்பது வருஷமா பூட்டி வெச்சிருக்காங்க. அவசரம்னா நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும். அதைத் திறக்கச் சொல்லிட்டேன். சாவி ஐயாகிட்ட இருக்கு. என் பேச்சை ஐயா தட்டவே மாட்டார்."

இப்போது தலையாட்டியது இயக்குநர்.

கதவைத் திறந்தால், கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். அந்த அம்மா ஒன்றைத் தூசி தட்டிப் பார்த்தார். பெண்கள் உரிமை ஒப்பந்தம். ஊர் ஊராகக் கொடுக்கச் சொல்லி ஐ.நா. அனுப்பியது, ஒரு கட்டுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" இயக்குநர் பல்லைக் கடித்தார்.

"உங்க மேசை மேல வைங்க ஐயா," என்றாள் இணை இயக்குநர். "படிச்சு முடிச்சிட்டு எனக்கு வந்து சொல்லுங்க."