பெயர் தெரியாத மிளகாய்

மலையடிவார மடம் ஒன்றில் உலகம்மை என்றொரு துறவி இருந்தார். அவருடைய சீடர் வைரவன் குருவைவிட இருபது வயது மூத்தவர். சமையல் அவர் பொறுப்பு. பயப்படுவதும் அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

அன்று குருபூசை. வெகுதூரம் நடந்து வந்த சனம் பசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தது. வைரவன் வெளிறிய முகத்தோடு குருவிடம் ஓடி வந்தார்.

"தாயே, தப்பு பண்ணிட்டேன். கொல்லையில தானா முளைச்ச செடியில மிளகாய் பறிச்சு, குழம்புல அரைச்சு ஊத்திட்டேன்."

"என்ன மிளகாய்?"

"தெரியல. சுண்டைக்காய் மாதிரி உருண்டை. கருநீலமா, மேல பாத்து நிக்குது. காந்தாரி மிளகாய்னு நெனச்சேன். விறகு கொண்டு வந்தவரு இப்பத்தான் சொல்லுதாரு, காந்தாரி இப்படி இருக்காதாம். இது மிளகாயே இல்ல, ஏதோ விஷக்காய்ங்காரு."

"ருசி பாத்தீரா?"

"படைக்கதுக்கு முந்தி எப்படித் தாயே வாயில வைக்கது?"

"படையல்தான் முடிஞ்சிட்டே. இப்ப பாக்கலாமே?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். "பயமா இருக்கு."

உலகம்மை வாசலில் இருப்பவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு அடுக்களையிலேயே இலை போட்டு உட்கார்ந்தார்.

"குழம்பை ஊத்தும்."

"வேண்டாம் தாயே. கீழ கொட்டிருதேன்."

"கொட்டிட்டா வாசல்ல இருக்கவங்களுக்கு என்ன போடுவீரு? ஊத்தும்."

முதல் கவளத்திலேயே அவர் கண் சிவந்தது. நெற்றி வியர்த்தது. இலையில் இருந்ததை முழுதும் சாப்பிட்டார். விக்கல் வந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

குருவைக் கொன்றுவிட்டோம் என்றே வைரவன் நினைத்தார். மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு வந்தது. நம்பாமல் மறுபடியும் வைத்தார். வாசலில் சனம் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு உலகம்மை கண் திறந்தார்.

"மிளகாய்தான். பொல்லாத மிளகாய். ஆளுக்கு அரைக் கரண்டி ஊத்தும், போதும்."

வைரவன் அழுதுவிட்டார். "உங்களுக்குப் பயமே இல்லையா தாயே?"

"இருந்துச்சு."

"பொறவு எப்படிச் சாப்பிட்டீங்க?"

உலகம்மை வாசல் பக்கம் பார்த்தார்.

"அவங்க இது என்ன மிளகாய்னு கேக்காமலே சாப்பிடுவாங்க, வைரவரே."