வெள்ளை அட்டையைக் காட்டிக்கொடுத்த நண்டு

மன்னார் வளைகுடாவில், ஒரு சிறு தீவை ஒட்டிய கடல் புல்வெளியில், வெள்ளரிக்காய் போல உருண்ட உடலுள்ள வெள்ளைக் கடல் அட்டைகள் கூட்டமாக வாழ்ந்தன. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பசித்தால் மணலை விழுங்கும். அதிலுள்ள அழுக்கைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளும்.

அங்கே மேய வரும் கடல் பசு, தினமும் முதலில் மூத்த அட்டையிடம்தான் போகும். இரண்டும் மெல்ல ஏதோ பேசும். அதன் பிறகே கடல் பசு புல்லில் வாய் வைக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து நீலக்கால் நண்டுக்கு வயிறு எரிந்தது.

"என் நிறமென்ன, என் கொடுக்கென்ன! என்னிடம் ஒரு வார்த்தை பேசியதுண்டா? மண் தின்கிறதுக்கு இவ்வளவு மரியாதையா!" என்று பொருமியது.

"அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுவிடேன் அக்கா" என்றது பக்கத்திலிருந்த கடல்குதிரை.

"நானா? அதனிடம் போய்க் கேட்பதா?" என்று நண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் இரண்டு பேர் அரசின் தடையை மீறி அட்டை பிடிக்கத் திருட்டுத்தனமாக மூழ்கி வந்தார்கள். புல்லுக்குள் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பிப் போகப் பார்த்தார்கள்.

நண்டு பாய்ந்து ஓடியது. மூத்த அட்டையின் மேலிருந்த மணலைப் பரபரவென்று கிளறியது. வெளுத்த முதுகு பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ, நண்டம்மா! என்ன செய்கிறாய்?"

"உன் சிநேகிதியைக் கூப்பிடேன், பார்ப்போம்!"

அதோடு விடவில்லை. அடுத்த அட்டை, அதற்கடுத்தது என்று கிளறிக்கொண்டே போனது. வந்தவர்களின் வலைப்பை நிறைந்தது.

மறுநாள் காலை கடல் பசு வந்தது. சுற்றிச் சுற்றித் தேடியது.

"அட்டை போய்விட்டது. இனிமேல் என்னிடம் பேசலாம்!" என்றது நண்டு.

"சரி, நீயே சொல். இன்று உன் குஞ்சுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன?"

நண்டு திடுக்கிட்டது. "எதற்குக் கேட்கிறாய்?"

"நான் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பவள். கீழே இருப்பது என் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உன் குஞ்சுகள் தன் முதுகின்மேல் ஓடுவதை வைத்து, 'இன்று இந்தப் பக்கம் மேயாதே' என்று அட்டைதான் சொல்லும். வேறென்ன பேசினோம்?"

நண்டு தன் குஞ்சுகளைத் தேடிப் புல்லுக்குள் ஓடியது.

சுத்தம் செய்ய அட்டைகள் இல்லாமல், சில மாதங்களில் மணல் கறுத்து நாறியது. புல் அழுகிச் சாய்ந்தது. கடல் பசு வேறு இடம் தேடிப் போய்விட்டது. ஒளிய இடமில்லாத நண்டுக் குஞ்சுகளைப் பெரிய மீன்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றன.

ஆழப் புதைந்திருந்த நான்கு குட்டி அட்டைகள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றைச் சுற்றியே நண்டு கிடந்தது. மறுபடி ஒரு திருடனின் கை மணலைத் துழாவியபோது, விரலைக் கவ்விப் பிடித்துத் துரத்தியது.

புல் திரும்பத் தழைக்கப் பல வருடங்கள் ஆயின. அதைப் பார்க்க நண்டின் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிறருக்குக் கிடைக்கும் மதிப்பைப் பொறுக்காமல் அவரை அழிப்பவர், அவரால் தமக்குக் கிடைத்துவந்த நன்மையையும் சேர்த்தே அழிக்கிறார்.