ஆற்றுக்கு யார் அமைச்சர்?

ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில் கிழட்டுச் சிங்கம் செத்துப்போனதும், விலங்குகள் எல்லாம் கூடித் தும்பா என்ற காட்டெருமையைத் தலைவனாக்கின. தும்பா நல்லவன்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். ஆனால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவன். வினை அங்கேதான் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுத் தலைவன் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் அமைச்சர்களின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு அந்தந்தக் காரியத்தில் அந்தந்த அமைச்சர் பேச்சுத்தான் பேச்சு.

விடிந்ததிலிருந்து தும்பாவைச் சுற்றி ஒரே கூட்டம்!

“எனக்குப் பின்னால் நாற்பது முதலைகள் நிற்கின்றன. ஆறு எனக்கு வேண்டும்!” என்றது முதலை.

“எனக்குப் பின்னால் அறுபது பேர்! குட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது கழுதைப்புலி. அதற்கு வாயெல்லாம் பல்.

தும்பாவுக்கு மண்டை காய்ந்தது. இவர்களைப் பகைத்துக்கொண்டால் பதவி நிலைக்குமா? கூடவே வைத்துக்கொண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவன் முதுகில் உண்ணி பொறுக்கும் பிலி என்ற குருவி, மெல்லக் காதருகே வந்தாள்.

“ஆற்றை எனக்குக் கொடுங்கள், அண்ணா. மேலே பறந்து பார்த்துச் சொல்கிறேன். எல்லாரும் பத்திரமாகக் கடக்கலாம்.”

“உனக்குப் பின்னால் எத்தனை பேர், பிலி?”

“யாருமில்லை. எனக்கு இருப்பது உங்கள் முதுகுதான்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தும்பாவுக்கு மானம் போனது போல் இருந்தது. உடம்பைச் சிலுப்பி அவளை உதறிவிட்டான். பிறகு பெயர்களைச் சொன்னான். ஆறு முதலைக்கு. குட்டிகள் கழுதைப்புலிக்கு.

பத்தே நாளில் இக்கரையில் புல் தீர்ந்துபோயிற்று. மந்தை அக்கரைக்குப் போயாக வேண்டும். தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

“ஆழமே இல்லை, தலைவரே! முதலில் குட்டிகள் வரட்டும். பெரியவர்கள் இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும்” என்றது முதலை.

“தாராளமாக அனுப்புங்கள்! குட்டிகளுக்கு நான் பொறுப்பு” என்றது கழுதைப்புலி.

எல்லாருக்கும் முன்னால் நின்றது தும்பாவின் மகள் மாலோ. இன்னும் பால்குடி மறக்காத கன்று.

“இறங்காதே, மாலோ!” மேலே பறந்த பிலி அலறினாள். “அடியில் வரிசையாகக் கிடக்கிறார்கள்!”

மாலோ திரும்பிப் பார்த்தாள். “அப்பா, பிலி அத்தை வேண்டாம் என்கிறார்களே!”

தும்பா அண்ணாந்து பிலியைப் பார்த்தான். ஆனால் மந்தை முழுதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் வைத்த அமைச்சரைத் தானே நம்பவில்லை என்றால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

“ஆற்றுக்கு அமைச்சர் அவர்தான், அம்மா. நீ இறங்கு” என்றான்.

மாலோ இறங்கினாள். நாலே அடிதான் வைத்தாள்.

தும்பா கதறிக்கொண்டு பாய்ந்தான். ஆற்றைக் கொம்பால் கிளறினான். மகள் கிடைக்கவில்லை.

“அடப்பாவி! உன்னை நம்பித்தானே ஆற்றைக் கொடுத்தேன்!”

“நம்பியா கொடுத்தீர்கள்?” முதலை நிதானமாகக் கேட்டது. “நாற்பது பேருக்குப் பயந்துதானே கொடுத்தீர்கள், தலைவரே!”

தும்பா கரையேறி நின்று விம்மி விம்மி அழுதான். பிலி வந்து முதுகில் உட்கார்ந்தாள். இந்த முறை அவன் உதறவில்லை.

“இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தியிருக்கக் கூடாதா, பிலி?”

“கத்தினேன், அண்ணா. உங்கள் காதிலும் விழுந்தது.”

மறுநாள் காலையில் தும்பா பழைய பெயர்களை எடுத்துவிட்டு, ஆற்றுக்குப் பிலியின் பெயரைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. ஆற்றில் முழங்காலளவே தண்ணீர் ஓடிய, அவள் காட்டிய மேட்டு வழியாக மந்தை அக்கரை சேர்ந்தது. மாலோவைத் தவிர எல்லாக் கன்றுகளும் அங்கே மேய்ந்தன.

பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பதவி கொடுக்கும் தலைவன், அந்தத் தவறுக்குத் தன் பிள்ளையையும் பறிகொடுக்க நேரும்.