சார்ஜ் போடும் இடத்தில் கரடி

அல்லிக்குளத்துக் காட்டில் ஓர் ஆமையும் ஒரு கரடியும் இருந்தன. ஆமையிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. அதைக் கரடிக்கு விற்றது. விற்ற கையோடு ஒரு பேட்டரி கார் வாங்கியது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஜீப் கைக்கு வந்த அன்று கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அடர்ந்த ரோமம், கறுத்த உடம்பு. வெயில் ஆகாத பிறவி அது. ஜீப்பில் ஏசி இருந்தது. வேறென்ன வேண்டும்? சேர்த்து வைத்திருந்த தேனையெல்லாம் கொடுத்து வாங்கிவிட்டது.

சாவியைக் கொடுக்கும்போது ஆமை ஒன்று சொன்னது.

"தம்பி, பெட்ரோல் காட்டுற முள்ளு கெட்டுப்போச்சு. எப்பவும் பாதி டேங்க்னே காட்டும். நம்பிடாதே. டேங்க்ல குச்சியை விட்டுப் பார்த்துக்கோ."

"சரிண்ணே, சரிண்ணே!" என்றது கரடி. காதில் வாங்கவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் கரடி மலைப்பாதையில் போனது. ஜீப் உறுமியது. புகைத்தது. திணறியது. பக்கத்தில் ஏதோ நகர்ந்தது. சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆமை! புதுக் காரில்! ஒரு காலைத் தூக்கி ஆட்டிவிட்டு முந்திக்கொண்டு போய்விட்டது.

கரடியை ஆமை முந்தியது. காடே பார்த்தது. மரத்துக்கு மரம் குரங்குகள் சிரித்தன.

அன்று முதல் கரடிக்குத் தேன் இனிக்கவில்லை.

"அந்த ஆமை வேணாம்னு தள்ளினதைத்தான் நான் தலையில தூக்கி வெச்சிருக்கேன்!" என்று பெண்டாட்டியிடம் பொருமியது.

"நல்லாத்தானே ஓடுது? இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

"அந்தக் கார்ல சத்தமே இல்லடி!"

"அதுல சத்தம் இல்லைன்னு நீங்க ஏன் இந்தச் சத்தம் போடுறீங்க? குட்டி தூங்குது!"

கரடி வாயை மூடியது. வயிறு எரிவது நிற்கவில்லை.

மறுநாள் எல்லா மிருகங்களும் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தன. கரடி நடுவில் போய் நின்றது.

"பேட்டரி கார் வாங்கினவன் எல்லாம் ஒருநாள் பெட்ரோலுக்கே திரும்பி வருவான்! எழுதி வெச்சுக்கோங்க! இந்த ஆமை என் குகை வாசல்ல வந்து நின்னு, 'தம்பி, ஜீப்பைத் திருப்பிக் குடு'ன்னு கேக்கும்!"

பெட்ரோல் பங்க் நடத்திய குரங்குக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. ஆமையிடம் ஓடியது.

"என்னண்ணே, திரும்பிடுவீங்களா?"

"எதுக்கு?" என்றது ஆமை. "புகை இல்ல. நாத்தம் இல்ல. பக்கத்துல உக்காந்து பேசுறது காதுல விழுது. சார்ஜ் போட ஒரு இடம் இருந்தா எனக்குப் போதும்."

ஒரு இடம் இருந்தால் போதும். குரங்கு வந்து சொன்னதில் கரடி அதை மட்டும் பிடித்துக்கொண்டது.

அந்தக் காட்டில் சார்ஜ் போட உண்மையிலேயே ஒரே ஓர் இடம்தான். அருவியடியில் தண்ணீர் சுற்றும் சக்கரம். அதிலிருந்து ஒரு வயர். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வண்டி நிற்கலாம். பின்னால் ஏற்றம். முன்னால் சரிவு. சரிவின் அடியில் குளம்.

கரடி தன் ஜீப்பைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது. எஞ்சினை அணைக்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது.

ஆமை வந்தது.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் எடு. சார்ஜ் போடணும்."

"ஏண்ணே, இது என்ன உங்க அப்பன் வீட்டு இடமா? நான் காத்து வாங்குறேன்."

"கண்ணாடியை ஏத்திவிட்டுக் காத்து வாங்குறியா?"

"ஏசி காத்து!"

"பெட்ரோல் வண்டிக்கு இங்க என்னப்பா வேலை?"

"பெட்ரோலுக்கே திரும்பி வர்றேன்னு சொல்லுங்க. இப்பவே எடுத்துடறேன்!"

ஆமை காரைத் திருப்பியது. போய்விட்டது.

காலையில் வந்து பார்த்தது. கரடி இருந்தது. சாயங்காலம் வந்தது. இருந்தது. சோறு தண்ணியைக்கூடக் கரடி ஜீப்பிலேயே வைத்துக்கொண்டது. குரங்கு தினமும் கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனது. இப்படியே நாட்கள் போயின.

ஆமைக்குத் தாமரைக் கிழங்கு வியாபாரம். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காரில் மிச்சமிருந்த சார்ஜை வீணாக்க மனமில்லை. காரைப் புங்க மரத்தடியில் விட்டது. கிழங்கு மூட்டையை ஓட்டின் மேல் கட்டிக்கொண்டு நடந்தது.

கரடி ஜீப்பிலிருந்து பார்த்தது. சிரித்தது. ஆனால் ஆமை அழவில்லை. திட்டக்கூட இல்லை. அது கரடிக்குப் பிடிக்கவில்லை.

ஆமை அந்தப் பக்கம் போனதும் கரடி இறங்கிப் புங்க மரத்தடிக்குப் போனது. காரைச் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தது. எவ்வளவு மெத்தென்ற சீட்! மூக்குத் தடம் கண்ணாடியில் பதிந்துவிட்டது. அவசரமாகத் துடைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடி வந்தது. ஜீப் அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோனது. டவுனிலிருந்து வரும் பெட்ரோல் லாரி நின்றது. குரங்கு மரத்துக்கு மரம் தாவிக் கத்தியது.

"பங்க்ல சொட்டு இல்ல! இருக்கறதைப் பார்த்து ஓட்டுங்க!"

கரடி முள்ளைப் பார்த்தது. பாதி டேங்க்.

"எனக்கென்ன!" என்று ஏசியை இன்னும் கூட்டியது.

மறுநாள் காலை ஜீப் இருமியது. குலுங்கியது. அடங்கியது. கரடி சாவியைத் திருப்பியது. மறுபடி திருப்பியது. முள் இன்னும் பாதியில்தான் நின்றது.

அப்போதுதான் பெண்டாட்டிக் கரடி ஓடி வந்தது. முதுகில் குட்டி. குட்டியின் வாயில் நுரை.

"என்னங்க! குட்டி எட்டிப்பழத்தைத் தின்னுடுச்சு! வண்டியை எடுங்க! யானை வைத்தியர்கிட்டப் போகணும்!"

யானை வைத்தியர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

கரடி சாவியை முறுக்கு முறுக்கென்று முறுக்கியது. குரங்கு குதித்து வந்து டேங்கில் ஒரு குச்சியை விட்டு எடுத்தது.

"குச்சி காஞ்சு வருதுண்ணே!"

"நான் தூக்கிக்கிட்டு ஓடறேன்!"

"மலையேறி இறங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். குட்டி தாங்காதுண்ணே!"

அந்த நேரம் பார்த்துப் பாதையில் ஆமையின் கார் மெல்ல ஊர்ந்து வந்தது. பெண்டாட்டிக் கரடி குறுக்கே விழுந்தது.

"அண்ணே! குட்டியைக் காப்பாத்துங்க!"

ஆமை குட்டியைப் பார்த்தது. பின் கதவைத் திறந்துவிட்டது.

"ஏத்தும்மா. ஆனா இருக்கற சார்ஜுக்கு மலை ஏறாது. கொஞ்சம் போட்டாத்தான் உச்சி வரைக்கும் போகும். உச்சியைத் தாண்டிட்டா இறக்கம். கவலையில்ல. வயர் எங்கே?"

எல்லோரும் வயரைப் பார்த்தார்கள். வயருக்கு முன்னால் ஜீப் நின்றது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே, சாராயம் குடித்துவிட்டுக் கிடப்பவன் மாதிரி அசையாமல்.

"பின்னால தள்ளலாமா?" என்றது குரங்கு.

"ஏத்தம். அசையாது," என்றது ஆமை.

முன்னால் தள்ளலாம். முன்னால் சரிவு. சரிவின் அடியில் குளம்.

கரடி ஜீப்பைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. குட்டியின் கால் வெட்டி இழுத்தது. கரடி ஜீப்பின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தது.

ஒரே தள்ளு.

ஜீப் உருண்டது. வேகமெடுத்தது. 'தொபுக்' என்று குளத்தில் விழுந்தது. தவளைகள் நாலு பக்கமும் தெறித்தன. கடைசியாகக் கூரை முழுகியது.

கரடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வயரை இழுத்துக் காரில் சொருகியது. கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றது.

"சீக்கிரம்! சீக்கிரம்!"

"அவசரப்பட்டா ஏறாது தம்பி. பெட்ரோல்னா கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஊத்திடலாம். இது காக்க வைக்கும். குறைதான். இல்லைன்னு சொல்லமாட்டேன்."

காத்திருந்தார்கள். குட்டி முனகியது. கரடி பல்லைக் கடித்தது. இத்தனை நாள் அந்த இடத்தை மறித்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. இல்லாவிட்டால் கார் நிறைந்த சார்ஜோடு நின்றிருக்கும்.  

"போதும், ஏறு!" என்றது ஆமை.

கார் மலை ஏறியது. உச்சியில் நிற்கப் பார்த்தது. தாண்டியது. இறங்கியது. யானை வைத்தியர் தும்பிக்கையால் ஏதோ கஷாயத்தைக் குட்டியின் தொண்டையில் ஊற்றினார். குட்டி எல்லாவற்றையும் கக்கியது. கண்ணைத் திறந்தது. தேன் கேட்டது. அவர் அங்கேயே காருக்குச் சார்ஜும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது கரடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. மெத்தென்ற சீட். மடியில் குட்டி தூங்கியது. காரில் சத்தமே இல்லை. குட்டி மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. கரடி தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் குரங்கு ஓடி வந்து காரின் மேல் தொற்றிக்கொண்டது.

"குட்டி பொழைச்சுடுச்சா? அப்பாடா! ஆமையண்ணே, இப்பச் சொல்லுங்க. பெட்ரோலுக்குத் திரும்புவீங்களா, மாட்டீங்களா?"

"திரும்பறதாத்தான் இருந்தேன்," என்றது ஆமை.

கரடி நிமிர்ந்தது.

"மூட்டை தூக்கித் தூக்கி ஓடு தேஞ்சு போச்சு. சார்ஜ் போட இடமில்லாத ஊர்ல இந்தக் கார் எதுக்கு? இன்னிக்குக் காலையில கரடித் தம்பியைப் பார்க்கத்தான் கிளம்பி வந்தேன். 'என் காரை நீ வெச்சுக்கோ, ஜீப்பைத் திருப்பிக் குடு'ன்னு கேக்கலாம்னு."

கரடி முன்னால் சாய்ந்தது. சீட்டைத் தடவிப் பார்த்தது.

"அண்ணே... இப்பவும் கேக்கலாமே?"

"கேக்கலாம்," என்றது ஆமை. "ஜீப் எங்கே?"

கரடி குளத்தின் பக்கம் பார்த்தது. தண்ணீருக்கு மேலே ஏரியல் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

பிறகு கரடி நடந்தே போய்வந்தது. வெயிலில்தான். அருவியடியில் யாராவது வண்டியை மறித்து நிறுத்தினால் முதலில் போய்ச் சண்டை போடுவதும் அதுதான்.

அடுத்தவன் நிற்கும் இடத்தைப் பொறாமையால் மறிப்பவன், தனக்குப் போக வேண்டிய அவசரம் வரும்போது தன் வழியைத் தானே அடைத்து வைத்திருப்பான்.