கூட வந்தவர்கள்

"என் சோதனை செத்துப்போச்சு மேடம்" என்றார் மாசிலாமணி.

ஐம்பத்தாறு வயசு. முப்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் மரபணுவைப் பார்த்தே காலம் தள்ளியவர். இப்போது தன்னைவிடப் பதினான்கு வயசு சின்னவளான நசீமாவிடம் சீடனாக வந்து உட்கார்ந்திருந்தார்.

நசீமா, நோய் யாருக்கு வருகிறது, எந்தத் தெருவில் வருகிறது என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிறவள். மரபணுவையும் தெருவையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுத்தான் அவர் வந்தார். வந்த புதிதில் வீம்பு நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் பாக்கி.

விஷயம் இதுதான். கொன்றையூரில் சாயக்கழிவு நிலத்தடித் தண்ணீரில் இறங்கிய பிறகு, மூத்திரப்பையில் புற்றுநோய் வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாயத்திலிருக்கும் ஒரு நஞ்சு உடம்புக்குள் போனால் மரபணுவில் தழும்பு வைத்துவிடும். அந்தத் தழும்பைக் கண்டுபிடிக்கிறதுதான் மாசிலாமணியின் சோதனை.

நோயாளிகள் அறுபது பேர், நோய் இல்லாதவர்கள் அறுபது பேர், எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார். நோயாளிகளிடம் மட்டும் தழும்பு கூடுதலாக இருந்தால், தண்ணீரைக் குற்றம் சொல்லி எழுதலாம். ஊர் ஆழ்குழாய்க் கிணற்றை மூடிவிட்டு வேறு தண்ணீர் கொடுப்பார்கள்.

நாளைக் காலை அறிக்கை கலெக்டர் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

"நோயாளிகள்ல ஐம்பத்திரண்டு பேருக்குத் தழும்பு இருக்கு. நல்லா இருக்கிறவங்கள்ல ஐம்பத்தோரு பேருக்கு இருக்கு. வித்தியாசமே இல்ல. தண்ணி மேல தப்பில்லன்னுதான் எழுதணும்."

நசீமா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. நல்லா இருக்கிற அந்த அறுபது பேரை எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வார்டில்தான், என்றார். நோயாளிக்குத் துணையாக வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். கேட்டதும் கையை நீட்டினார்கள், அலைச்சல் மிச்சம். படித்தவர்களுக்கு அலைச்சல் மிச்சமானால் அதைவிடச் சந்தோஷம் வேறு கிடையாது.

நசீமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வார்டுக்குப் போய், யார்கிட்டயாவது குடிக்கத் தண்ணி கேளுங்க."

மாசிலாமணிக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனார்.

முதல் கட்டிலில் ராமாத்தாளின் வீட்டுக்காரர் படுத்திருந்தார். ராமாத்தாளும் ரத்தம் கொடுத்தவள்தான். அன்றைக்கு, உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தைரியமாக இருங்கள் என்று மாசிலாமணியே சொல்லி அனுப்பியிருந்தார்.

தண்ணீர் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கேனை இழுத்தாள்.

"ஆஸ்பத்திரித் தண்ணி இவருக்கு ஒத்துக்கறதில்லைங்க. தினமும் ஊர்லயிருந்து பஸ்ஸுல வந்துருது. நானும் இதையேதான் குடிக்கிறனுங்க."

டம்ளர் நிரம்பியது. அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அதற்கடியிலும் ஒரு கேன். அதற்கடுத்த கட்டிலுக்கடியிலும்.

குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நசீமாவிடம் திரும்பி வந்தார்.

"சோதனை சரியாத்தான் இருக்கு மேடம். நான்தான் அதே தண்ணி குடிக்கிற அறுபது பேரையும் நல்லா இருக்கிறவங்கன்னு எழுதிட்டேன். இந்தத் தண்ணி குடுத்த அம்மாகிட்டயும் ஒரு குறையும் இல்லன்னு சொல்லி அனுப்பினேன்."

நசீமா தலையை ஆட்டினாள்.

நாளைக்கு அறிக்கை போக வேண்டாம், வேறு தண்ணீர் குடிக்கிற ஊரில் அறுபது பேரைத் தேடிப் பிடிக்கலாம் என்று அவர் படபடவென்று பேச ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது அப்புறம் சார். அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

மறுபடி போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்றார். உங்களுக்கு நோய் இல்லை, வராமலே போகலாம், ஆனால் அதே தழும்பு உங்கள் உடம்பிலும் இருக்கிறது, இந்தத் தண்ணீரை இனி வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லி முடித்தார். இப்படி ஒரு வார்த்தையை முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் நேரில் சொன்னதில்லை.

ராமாத்தாள் அழவில்லை. வீட்டுக்காரர் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு சாயங்காலம் வருவாளுங்க" என்றாள். "ஏழாவது படிக்கிறா. அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கறீங்களா?"