ஆறு ‘கண்டுக்காதே’

“மேடம், கம்பைலருக்குப் புத்தி கெட்டுப்போச்சு,” என்றான் அமலதாசன். அவன் எழுதும் நிரலை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டும் மென்பொருள் அது.

ஜுனைதா நிமிரவில்லை. அவனைவிடப் பத்து வயது சின்னவள். அவனுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள். வளவளப்பு ஆகாது.

“வேகமா ஓடுற மாதிரி கட்டுன்னு ஃப்ளாக் போட்டா பில்ட் உடையுது. அதை எடுத்தா ஒழுங்கா ஆகுது.”

“எடுத்துருங்க.”

“எடுத்தா கருவி ஆமை. மணி அடிக்கிறதுக்குள்ள படகு எல்லையைத் தாண்டிரும்.”

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு சரி. விடிந்தால் நாகை படகுகள் கடலில். இலங்கைக் கடல் எல்லை நெருங்கினால் மணியடிக்கும் கருவியைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். முதல் படகு அவன் மச்சான் சவரியுடையது. போன வருஷம் எல்லை தாண்டி ஐந்து மாதம் சிறையில் கிடந்தவன்.

“ஒரே ஒரு எரர்தான் மேடம். அதைக் கண்டுக்காதேன்னு சொல்ல எந்த ஃப்ளாக்? சொல்லுங்க, ஓடிடறேன்.”

அவள் கோப்பைத் திறந்தாள். கம்பைலருக்கான வரியில், தப்பு தெரிந்தாலும் சொல்லாதே என்று ஏற்கெனவே ஆறு ‘கண்டுக்காதே’.

“இது யாரு போட்டது?”

“நான்தான். பொங்கலுக்கு முந்தி.”

“இது?”

“அதுவும் நான்தான். அவசரத்துல.”

ஆறையும் அழித்தாள். மறுபடி கட்டச் சொல்லி பில்ட் கொடுத்தாள்.

திரை சிவந்தது. முப்பத்தோரு எரர்.

“ஒண்ணுதானே இருந்துச்சு மேடம்.”

“படிங்க.”

முதல் வரியைப் படித்தான். மறுபடி படித்தான்.

எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று வைக்கும் இடம் அது. செயற்கைக்கோள் சிக்னல் வராவிட்டால் அங்கே என்ன வைப்பதென்று அவன் எழுதவே இல்லை. மெதுவாக ஓடியபோது அதிர்ஷ்டத்துக்குப் பூஜ்யம் கிடந்தது, மணி அடித்தது. வேகமாக ஓடினால் ஐம்பது மைல் என்றும் கிடக்கலாம்.

“அப்போ மணி அடிக்கவே அடிக்காது,” என்றான். “பொங்கலுக்கு முந்தியிலேருந்தே கம்பைலர் சொல்லிட்டே இருந்திருக்கு.”

அவள் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

சிக்னல் இல்லையா, மணியை அடி. ஒரே வரி சேர்த்தான்.

முப்பத்தொன்று ஒன்பதானது. காலையில் வந்த அந்த ஒன்றையும் காணோம்.

நாற்காலியை இழுத்துப் போட்டான். அடுத்ததையும் சரிசெய்தான். எட்டு.

போன் அடித்தது. சவரி.

“மச்சான், கருவி ரெடியா?”

“இல்ல. அஞ்சு மணிக்கு வா.”

“மூணுன்னியே. என்னாச்சு?”

“உடைஞ்சு கிடக்கு மச்சான். இன்னும் எட்டு இடத்துல. எங்கேன்னு இப்பதான் தெரியுது.”

“அதுக்கு ஏன்யா சிரிக்கிற?”