தண்ணிக்கு மட்டும் தெறந்த வாசல்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. பொய்யின்னா நான் கட்டுன வீடெல்லாம் இடிஞ்சு என் தலையிலயே விழட்டும். நான் வீடே கட்டுனதில்லைங்கிறது வேற விஷயம்.

ஆறுமுக நயினாரு கொத்தனாரு. வயசு அம்பத்தொண்ணு. அவருக்கு குரு மரியபுஷ்பம். வயசு முப்பத்துநாலு.

சிரிக்காதீங்க. டைல்ஸ் வேலையில அந்தப் பொண்ணு கை ஓடுறதப் பாத்துட்டு, “என்னையும் சேத்துக்கோங்க மேஸ்திரி”ன்னு இவரேதான் போயி நின்னாரு.

ஒருநா காலையில குரு டீக்கடையில உக்காந்திருக்காங்க. சீடரு வந்து தலையச் சொறியுறாரு.

“மேஸ்திரி, ஒரே வாசல். அதுல சக்கரம் போகணும், தண்ணி வரக்கூடாது. நடக்குற காரியமா இது?”

“யாரு வீடு அண்ணாச்சி?”

“எஸ்தர் டீச்சர் வீடு.”

எஸ்தர் டீச்சருக்கு ரெண்டு காலும் வராது, வீல்சேருதான். வீட்டுல ஒத்தை ஆளு. பின்வாசலைத் தாண்டுனா வானம் பாத்த ஒரு முத்தம், அதுல ஒரு செம்பருத்தி. ‘யாரும் தூக்காம நானா அங்க போகணும்.’ அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.

அதுக்காகப் போன வாரம் நயினாரு வாசப்படிய ஒடைச்சாரு. உள்ளயும் வெளியயும் ஒரே மட்டமா டைல்ஸ் போட்டாரு. மட்டம் பாக்குற ரசமட்டத்த வச்சா, குமிழி நட்டநடுவுல தியானம் பண்ணுது. தெருவையே கூப்பிட்டுக் காட்டுனாரு. மீசைய முறுக்க ரெண்டு கை பத்தல.

மூணாம் நாள் மழை.

தண்ணி செருப்பக்கூட கழட்டாம நேரா உள்ள வந்திருச்சு.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?” குரு கேட்டாங்க.

“வாசல்ல மூணு விரல் உசரத்துக்கு சிமெண்டுல வரப்பு கட்டிட்டேன். இப்ப ஒரு சொட்டு வரல.”

“சக்கரம்?”

நயினாரு டீக்கடை நாயப் பாத்தாரு. அது மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“உள்ள போயிட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”



“‘மழைக் காலத்துல வெளிய போயி என்ன டீச்சர் செய்யப் போறீங்க’ன்னு கேட்டேன்.”

கேட்டப்போ சத்தமாத்தான் கேட்டாரு. பக்கத்து வீட்டுக்காரன் சிரிச்சான். டீச்சர் சக்கரத்தத் திருப்பிக்கிட்டாங்க. அந்த முதுகு ரெண்டு நாளா இவரு கண்ணுக்குள்ளயே நிக்குது. 

குரு டம்ளர வச்சாங்க. எந்திரிச்சாங்க.

டீச்சர் வீட்டு முத்தத்துல ஒரு வாளித் தண்ணிய அவரு கையில குடுத்து, “ஊத்துங்க”ன்னாங்க.

ஊத்துனாரு. தண்ணி அங்கயும் இங்கயும் பாத்துச்சு. பொறவு மெதுவா வாசலுக்கு வந்து, வரப்புல முட்டிக்கிட்டு நின்னுச்சு.

“எங்க போகணும்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கீங்களா?”

“இல்ல மேஸ்திரி. மட்டம் மட்டும்தான் பாத்தேன்.”

குரு வரப்பத் தாண்டி உள்ள போயி, குத்தவச்சு உக்காந்தாங்க. “இங்க வாங்க.”

வரப்போட உள்பக்கம் கருப்புக் கருப்பா தடம். ரப்பர் சக்கரம் வந்து முட்டுன தடம். ஒண்ணு ரெண்டு இல்ல.



குரு விரலை நனைச்சு அந்தக் கருப்பத் தொட்டாங்க. அவரு ரசமட்டத்த வாங்கி, குமிழி தெரியுற கண்ணாடி மேல தடவுனாங்க. திருப்பிக் குடுத்தாங்க.

“இப்ப பாருங்க அண்ணாச்சி. மட்டமா இருக்கா?”

கருப்புக்குப் பின்னால குமிழியே தெரியல. நயினாரு உளிய எடுத்தாரு.

வரப்பு போச்சு. வெளித் தளமும் போச்சு. தண்ணி வாசல விட்டு வெலகி ஓடுற மாதிரி, அடிக்கு ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, வாட்டம் விட்டுத் திரும்பப் போட்டாரு. வாசலை ஒட்டி நீளமா ஒரு சின்னக் கால்வா. அது மேல தளத்தோட தளமா கம்பி மூடி. அடியில குழாய், நேரா செம்பருத்திக்கு.

இந்தத் தடவ தெருவுல யாரையும் கூப்பிடல.

மழை வந்துச்சு. வாசலுக்கு வந்த தண்ணி கம்பிக்குள்ள எறங்கி, சத்தமில்லாம போயிருச்சு.

டீச்சர் சக்கரத்த உருட்டுனாங்க. கம்பியத் தாண்டயில மடியில இருந்த மூக்குக் கண்ணாடிக் கூடுகூட அசையல.

நயினாருக்குத் தலை நிமிரல.

“நயினார், அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே?”

“டீச்சர்... அது...”

“வெளிய போயி என்ன செய்யப் போறேன்னு.”

இவரு ஓடிப்போயி குடைய எடுத்துட்டு வந்து நீட்டுனாரு.

டீச்சர் அத வாங்கி, கண்ணாடிக் கூட்டையும் சேத்து, அவரு கையிலயே திருப்பி வச்சாங்க.

“நனையப் போறேன்.”

என்ன முழிக்கிறீங்க? கதை அம்புட்டுதான். எதுத்த கடையில உளுந்த வடை வேகுற வாசம் வருது. நம்புனவங்க எனக்கு ரெண்டு வாங்கித் தாங்க. நம்பாதவங்க மூணு.